டாலெக் யாருடைய பிள்ளை?

2004 ஜூலையில் பிரிட்டிஷ் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. 1989-இல் நிறுத்தப்பட்ட ‘டாக்டர் ஹூ’ தொடரை பிபிசி மறுபடியும் எடுக்கப்போகிறது, ஆனால் அதில் டாலெக்குகள் இருக்காது. டாலெக்கை எழுதிய டெர்ரி நேஷனின் வாரிசுகள் தரப்போடு நடந்த பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது. கதையில் அவர்கள் கேட்கிற அளவுக்குத் தலையீட்டை அனுமதிக்க முடியாது என்று பிபிசி சொன்னது. நாற்பது வருஷமாக அந்தத் தொடரின் அடையாளமாக இருந்த ஒரு ராட்சசன், தன் சொந்த வீட்டுக்குள் நுழைய அனுமதி இல்லாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த மாதமே சமாதானம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்தச் செய்தி என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. நீண்ட காலம் ஓடும் தொடர்களில் ஒரு பாத்திரமோ பூதமோ திரும்பத் திரும்ப வருகிறதென்றால், மக்களுக்குப் பிடித்திருக்கிறது, அதனால் வருகிறது என்றுதான் நாம் நினைத்துக்கொள்வோம். டாக்டர் ஹூவின் வரலாற்றைத் தோண்டினால் வேறு ஒரு காரணம் கிடைக்கிறது. யார் திரும்பி வருகிறார்கள், யார் வரமுடியாமல் போகிறார்கள், யாருக்கு எந்தச் சட்டையைப் போட்டுத் திரும்ப அழைத்து வருகிறார்கள் என்பதில் பாதி ஒரு ஒப்பந்தத் தாளில் முடிவாகிறது.

தொடரைப் பற்றி நம்ம பக்கம் அவ்வளவாகப் பேசப்பட்டதில்லை என்பதால் இரண்டு வரி. 1963 நவம்பர் 23, சனிக்கிழமை மாலை பிபிசியில் முதல் எபிசோட். முந்தின நாள்தான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். யார் கவனம் அதில் இருந்திருக்கும்? அடுத்த வாரம் இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதலாவதையும் மறுபடி ஒளிபரப்பினார்கள். போலீஸ் அழைப்புப் பெட்டி போல வெளியே தெரியும் ஒரு கால இயந்திரத்தில் டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி பயணம் போகிறார். இதுதான் கதை. அந்த முதல் கதையை இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன், அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட். அவருக்கு 27 வயது. பிபிசி நாடகப் பிரிவின் தலைவராக இருந்தவர் கனடாக்காரர் சிட்னி நியூமன். அவர் ஒரு கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தார். பிதுங்கின கண்ணோடு வரும் பூதம் எதுவும் கூடாது. குழந்தைகளுக்கு வரலாறும் அறிவியலும் கற்றுக்கொடுக்கிற கௌரவமான தொடராக இது இருக்கவேண்டும்.

இரண்டாவது கதையிலேயே அந்த உத்தரவு காற்றில் போனது.

டெர்ரி நேஷன் வேல்ஸ்காரர், கார்டிஃபில் பிறந்தவர், நகைச்சுவை எழுத்தாளர். அந்தச் சமயம் டோனி ஹான்காக் என்ற பெரிய காமெடி நடிகருக்கு எழுதிக்கொண்டிருந்தார். டாக்டர் ஹூவுக்கு எழுதச் சொல்லி அழைப்பு வந்தபோது முதலில் அவருக்கு அதில் விருப்பமில்லை. பிறகு ஹான்காக்கோடு சண்டை வந்து வேலை போனது. வேலை இல்லாத மனுஷனுக்குக் குழந்தைகள் தொடரும் வேலைதான். அணுப்போரால் அழிந்த ஸ்காரோ என்ற கிரகம், அங்கே உலோகக் கூட்டுக்குள் ஒளிந்து வாழும் ஒரு இனம், தங்களைப் போல் இல்லாத எல்லோரையும் அழிக்கத் துடிக்கும் வெறுப்பு. நாஜிகளின் நிழல் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. மேலதிகாரி டொனால்ட் வில்சனுக்கு ஸ்கிரிப்ட் சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆனால் கைவசம் வேறு ஸ்கிரிப்ட் தயாராக இல்லை என்று லாம்பர்ட் சொல்லிவிட்டார். நியூமன் கோபப்பட்டபோது, இவை பூதங்கள் இல்லை, உள்ளே இருப்பது ஒரு காலத்தில் மனிதர்கள் மாதிரி இருந்தவர்களின் மிச்சம் என்று வாதாடினார்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நேஷன் தன் ஸ்கிரிப்டில் டாலெக்கை எப்படி விவரித்திருந்தார்? சாராம்சம் இதுதான்: இயந்திரம் போன்ற கோரமான உருவம், கால் கிடையாது, வட்டமான அடிப்பாகத்தில் நகரும், மனித சாயல் இருக்காது, வளையும் தண்டின் நுனியில் கண்ணுக்குப் பதில் லென்ஸ், கைக்குப் பதில் இயந்திரப் பிடி. மொத்தமே சில வரிகள். இதை வைத்து உருவத்தைச் செய்ய வேண்டியவர் பிபிசியின் சம்பளத்துக்கு வேலை பார்த்த வடிவமைப்பாளர். முதலில் அந்த வேலை ரிட்லி ஸ்காட் என்ற இளைஞருக்குப் போவதாக இருந்தது. ஆமாம், பிற்காலத்தில் ‘ஏலியன்’, ‘பிளேடு ரன்னர்’ எடுத்த அதே ரிட்லி ஸ்காட். தேதி ஒத்துவரவில்லை, வேலை ரேமண்ட் கியூசிக் என்பவரிடம் போனது.

கியூசிக் யோசித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவர் கேள்வி பூதத்தைப் பற்றியதே இல்லை, உள்ளே இருக்கப்போகிற நடிகனைப் பற்றியது. ஸ்டுடியோ விளக்கு வெளிச்சத்தில் ஒரு ஆள் மணிக்கணக்காக அந்தக் கூட்டுக்குள் இருக்கவேண்டும். நின்றுகொண்டே இருந்தால் செத்துப்போவான். அப்படியானால் உட்காரவேண்டும். ஒரு மனிதன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை வரைந்தார், அவனைச் சுற்றிக் கோடு போட்டார். அகலமான அடி, மேலே போகப்போகக் குறுகுகிற உடல், தலையில் அரைக்கோள மூடி. உட்கார்ந்திருப்பவன் காலால் தரையை உந்தினால் அடியில் உள்ள சின்னச் சக்கரங்கள் உருளும், வெளியே கால் தெரியாது. அந்த வழுக்கிச் செல்லும் நடை இப்படித்தான் வந்தது. கையில் ஆயுதம் ஒன்று. இன்னொரு கையில், சொன்னால் சிரிப்பீர்கள், கழிவுநீர்த் தொட்டி அடைப்பு எடுக்க வைத்திருப்போமே, அந்த ரப்பர் கப். சிக்கனம்தான் காரணம். ஆனால் முதல் எபிசோடின் கடைசிக் காட்சியில், 1963 டிசம்பர் 21 அன்று, நாயகியை நோக்கி நீண்டு வந்தது அந்த ரப்பர் கப்தான். அவள் அலறுகிறாள், எபிசோட் முடிகிறது. முழு உருவம் அடுத்த சனிக்கிழமைதான். ஒரு வாரம் பிரிட்டனின் குழந்தைகள் அந்தக் கப்புக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

கியூசிக் மிளகுத்தூள் டப்பாவைப் பார்த்து டாலெக்கை வரைந்தார் என்று ஒரு கதை இன்றைக்கும் உலவுகிறது. அவரே மறுத்திருக்கிறார். மாடல் செய்யும் ஆளோடு சாப்பிட உட்கார்ந்தபோது, இது எப்படி நகரும் என்று காட்டுவதற்காக மேஜையில் இருந்த மிளகு டப்பாவை எடுத்துத் தள்ளிக் காட்டினார், அவ்வளவுதான். நேஷன் பக்கமும் இதே மாதிரி ஒரு கட்டுக்கதை உண்டு. கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதி முதுகில் ‘டால் – லெக்’ என்று இருந்ததைப் பார்த்து பெயர் வைத்தேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவைத்தார். பிறகு அது சும்மா சொன்னது என்று ஒப்புக்கொண்டார். ஒரு வெற்றிக்குப் பிறப்புக் கதை இல்லை என்றால் ஊர் சும்மா விடாது போல.

குரலையும் சொல்லாமல் விட முடியாது. பீட்டர் ஹாக்கின்ஸ், டேவிட் கிரஹாம் என்ற இரண்டு குரல் நடிகர்கள் ஒரே சுருதியில், ஒவ்வொரு அசையாக வெட்டி வெட்டிப் பேசினார்கள். பிபிசியின் ரேடியோஃபோனிக் ஒர்க்ஷாப்பில் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன் அதை ரிங் மாடுலேட்டர் என்ற கருவி வழியாக அனுப்பி அந்தக் கரகரப்பை உண்டாக்கினார். உருவத்தை மறைத்துவிட்டுக் குரலை மட்டும் போட்டாலும் எந்த பிரிட்டிஷ்காரரும் சொல்லிவிடுவார், இது யாரென்று.

ஆக, டாலெக்கைச் செய்தவர்கள் என்று பார்த்தால் குறைந்தது நாலைந்து பேர் தேறுவார்கள். பணம் யாருக்குப் போனது?

நேஷன் சுதந்திர எழுத்தாளர். எழுதினதன் காப்புரிமை எழுத்தாளருக்கே. மாதச் சம்பளக்காரர் வேலை நேரத்தில் செய்தது முதலாளிக்கு. 1956-ஆம் வருஷத்து பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டம் இதில் தெளிவாக இருந்தது. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. நேஷனின் ஏஜெண்டு பெரில் வெர்ட்யூ. அவர் பிபிசியோடு பேசும்போது பொம்மை, புத்தகம் மாதிரியான வியாபார உரிமையில் நேஷனுக்குப் பங்கு இருக்கும்படி பார்த்துக்கொண்டார். குழந்தைகள் தொடரில் ஏழு வாரம் வந்து செத்துப்போகிற ஒரு பூதத்தின் பொம்மை உரிமைக்கு யார் மல்லுக்கட்டப் போகிறார்கள்? பிபிசியும் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. (இந்தப் பெரில் வெர்ட்யூவின் மகளைத் திருமணம் செய்துகொண்ட ஸ்டீவன் மொஃபாட்தான் 2010-இலிருந்து சில வருஷங்கள் டாக்டர் ஹூவையே நடத்தினார். உலகம் ரொம்பச் சின்னது.)

கதையின் முடிவில் டாலெக்குகள் கூண்டோடு அழிந்துவிட்டன. எழுதினவருக்கும் அவை திரும்பி வரும் என்ற எண்ணம் இல்லை. ஆனால் ஏழாவது வாரத்தில் பார்வையாளர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியிருந்தது. தொடரின் முதல் எபிசோடைப் பார்த்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1964 நவம்பரில் டாலெக்குகள் திரும்பி வந்தன. இந்த முறை லண்டனிலேயே, தேம்ஸ் நதித் தண்ணீருக்குள்ளிருந்து ஒன்று எழுந்து வருகிறது, வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் நாலு உலாத்துகின்றன. முதல் கதையில் அவற்றுக்கு உலோகத் தரையிலிருந்து மின்சாரம் வேண்டும், நகரத்தை விட்டு வெளியே வரமுடியாது. இப்போது என்ன செய்வது? முதுகில் ஒரு தட்டை மாட்டினார்கள், பிரச்சினை தீர்ந்தது. திரும்பி வருகிற பூதத்துக்காகத் தொடர் தன் விதியை மாற்றிக்கொள்வது அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம். செத்தவர்கள் எப்படி வந்தார்கள் என்ற கேள்விக்கும், இது முந்தின கதைக்கு லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் நடப்பது என்று ஒரே வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அடுத்த இரண்டு வருஷம் பிரிட்டனில் டாலெக் பைத்தியம். பொம்மைகள், புத்தகங்கள், வாரப் பத்திரிகையில் படக்கதை, பீட்டர் குஷிங் நடித்து 1965-லும் 1966-லும் இரண்டு கலர் சினிமா. தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையாக இருந்த காலத்தில் டாலெக்கைக் கலரில் பார்ப்பதே ஒரு தனி அனுபவமாக இருந்திருக்கும். நேஷன் பணக்காரர் ஆனார். கியூசிக்குக்கு பிபிசி தன் பெருந்தன்மையைக் காட்டி 100 பவுண்டு வெகுமதி கொடுத்தது. வரி பிடித்த பிறகு கைக்கு வந்தது 80 பவுண்டுச் சொச்சம்.

இதைப் படிக்கிறவர்கள் உடனே நேஷனைத் திட்டுவார்கள். நான் திட்டமாட்டேன். தன் எழுத்துக்குத் தன் ஏஜெண்டு வாங்கிக்கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார், அதில் தப்பில்லை. அந்தச் சில வரிகள் இல்லாமல் கியூசிக் எதை வரைந்திருப்பார்? ஆனால் அந்தச் சில வரிகளை வேறொருவர் வரைந்திருந்தால், இன்னொரு தகரப் பெட்டி வேஷமாக அது முடிந்திருக்கும் என்பதும் எனக்குச் சந்தேகமில்லை. 1960-களின் தொலைக்காட்சியில் தகரப் பெட்டிக்குள் நடக்கிற ஆசாமிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒன்றின் பெயராவது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சட்டம் யோசனையை ஒரு தட்டிலும் உருவத்தை இன்னொரு தட்டிலும் வைத்தது. உருவம் பிபிசிக்கு, யோசனை நேஷனுக்கு. வரைந்த கைக்கு இரண்டு தட்டிலும் இடமில்லை.

இந்தப் பாதிப் பாதி உரிமை தொடரின் போக்கையே மாற்றியது. டாலெக்கை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்த் தனித் தொடராக எடுக்க நேஷன் ஆசைப்பட்டார். அதனால் 1967-இல் ‘தி ஈவில் ஆஃப் த டாலெக்ஸ்’ என்ற கதையில் டாக்டர் ஹூ அவற்றுக்கு இறுதிச் சடங்கு நடத்திவிட்டது. எழுதியவர் நேஷன் இல்லை, டேவிட் விட்டேக்கர். அமெரிக்கத் தொடர் வரவே இல்லை. டாலெக்குகள் ஒரு முழுக் கதையோடு திரும்பி வர ஐந்து வருஷம் ஆனது, 1972 ஜனவரி. இதில் ஒரு சோகமான வேடிக்கை, அந்த ‘இறுதிச் சடங்கு’ கதையே இன்று முழுசாக இல்லை. பழைய டேப்புகளை பிபிசி அழித்து மறுபடி பயன்படுத்திய காலம் அது. ஏழு எபிசோடில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

டாலெக் இல்லாத அந்த ஐந்து வருஷம்தான் மற்ற பூதங்களுக்கு வாழ்வு கொடுத்தது. அதில் முதல் ஆள் சைபர்மேன். 1966 அக்டோபரில் அறிமுகம். எழுதியவர்களில் ஒருவர் கிட் பெட்லர், நிஜமான மருத்துவ ஆராய்ச்சியாளர், லண்டன் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவ நிறுவனத்தில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் பிரிவை நடத்தியவர். தொடருக்கு அறிவியல் ஆலோசகராக வந்த அவர், ஸ்கிரிப்ட் எடிட்டர் ஜெர்ரி டேவிஸோடு உட்கார்ந்து பேசியதில் பிறந்தது இது. செயற்கை உறுப்பு பொருத்தும் அறுவை சிகிச்சைகள் பேச்சாக இருந்த காலம். ஒவ்வொரு உறுப்பாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மனுஷன் என்று சொல்ல என்ன மிஞ்சும் என்பது ஒரு டாக்டருக்கு வரும் நியாயமான பயம். முதல் கதையில் சைபர்மேன்களின் முகத்தில் துணிதான் சுற்றியிருக்கும், கைகள் மனிதக் கைகளாகவே இருக்கும். என்னைக் கேட்டால் அதற்குப் பிறகு வந்த பளபளப்பான உலோக உருவங்கள் எதுவும் அந்தத் துணி முகத்தின் பக்கத்தில் நிற்காது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த ஒரு நோயாளி எழுந்து நடந்து வருவது மாதிரி இருக்கும். அந்தக் கதையின் கடைசியில்தான் முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல் விழுந்து வேறு முகத்தோடு எழுகிறார். நாயகனையே மாற்றிக்கொள்ள முடிகிற தொடர் என்று ஆனபிறகு, மாறாமல் திரும்பி வருகிற எதிரி இன்னும் அவசியமாகிவிட்டான். முகம் புதிது, ஆனால் இவர்தான் டாக்டர் என்று நம்ப வைப்பது யார்? எதிரே நிற்கிற பழைய எதிரிதான். இரண்டாவது டாக்டர் பேட்ரிக் ட்ரௌட்டனின் முதல் கதையில் டாலெக்கைப் போட்டது தற்செயல் இல்லை.

சைபர்மேன்கள் 1967-லும் 68-லும் நாலு தடவை வந்துவிட்டன. செவ்வாய் கிரகத்து ஐஸ் வாரியர்ஸ் வந்தன. எல்லோருக்கும் அடுத்த டாலெக்கைத் தான் கண்டுபிடிக்கவேண்டும் என்ற வெறி. அந்த வெறியில் நடந்த விபத்துதான் ஹெய்ஸ்மன் – லிங்கன் கதை.

மெர்வின் ஹெய்ஸ்மன், ஹென்றி லிங்கன் என்ற இரட்டையர் 1967-இல் இமயமலை எட்டியை, பனிமனிதனை, ரோபோவாக மாற்றி ஒரு கதை எழுதினார்கள். நல்ல வரவேற்பு. அடுத்த வருஷம் அதே எட்டிகளை லண்டன் சுரங்க ரயிலுக்குள் இறக்கினார்கள். அதில் லெத்பிரிட்ஜ் ஸ்டூவர்ட் என்று ஒரு ராணுவ கர்னலையும் உருவாக்கினார்கள், நடித்தவர் நிக்கலஸ் கோர்ட்னி. மூன்றாவதாக ‘தி டாமினேட்டர்ஸ்’ கதைக்கு குவார்க் என்று ஒரு ரோபோவைச் செய்தார்கள். குள்ளமான பெட்டி, உள்ளே இருந்தது சிறுவர்கள். பொம்மைக் கடையைக் குறிவைத்தே செய்தது என்று பார்த்தாலே தெரியும். ஆனால் கதையில் பிபிசி கை வைத்தது, ஆறு எபிசோட் ஐந்தாகச் சுருங்கியது, குவார்க்கின் வியாபார உரிமையிலும் தகராறு. இருவரும் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள், ‘நார்மன் ஆஷ்பி’ என்ற புனைபெயரில் கதை ஒளிபரப்பானது. அதற்குப் பிறகு அவர்கள் டாக்டர் ஹூவுக்கு எழுதவே இல்லை. திட்டமிட்டிருந்த மூன்றாவது எட்டி கதையும் போனது. (லிங்கன் பிற்பாடு ‘ஹோலி பிளட் அண்ட் த ஹோலி கிரெய்ல்’ புத்தகத்தை எழுதிய மூவரில் ஒருவரானார். ‘டாவின்சி கோட்’ படித்தவர்களுக்கு அந்த வாடை தெரியும்.) நெஷனுக்கு நடந்தது தங்களுக்கும் நடக்கும் என்று நம்பியவர்கள் அவர்கள். ஆனால் 1963-இல் தூங்கிக்கொண்டிருந்த பிபிசி 1968-இல் விழித்துக்கொண்டிருந்தது.

எட்டிகள் மறைந்துவிட்டன. ஆனால் அந்தக் கர்னல் மறையவில்லை. அதே 1968-இல் பிரிகேடியராகப் பதவி உயர்ந்து, யூனிட் என்ற படைப்பிரிவின் தலைவராகி, எழுபதுகளில் தொடரின் நிரந்தர முகங்களில் ஒன்றாகிவிட்டார். பூதம் வீட்டுக்குப் போய்விட்டது, பூதத்தைச் சுட வந்தவர் தங்கிவிட்டார். உரிமை மட்டும் எழுதினவர்களிடமே இருந்தது. அதன் விளைவு 1995-இல் தெரிந்தது. தொடர் நின்றுபோயிருந்த காலம். ரசிகர்களில் சிலர் சேர்ந்து வீடியோவுக்காக ‘டவுன்டைம்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். ஹெய்ஸ்மன், லிங்கன் அனுமதியோடு எட்டிகளும் பிரிகேடியரும் உண்டு. பிபிசிக்குச் சொந்தமான டாக்டர் கிடையாது! நாயகன் இல்லாத ராமாயணம் மாதிரி. கதைக்கு ஒரு பிடி வேண்டும் என்று பிரிகேடியருக்கு கேட் என்று ஒரு மகளைக் கொடுத்தார்கள். பதினேழு வருஷம் கழித்து, 2012-இல், அந்தக் கேட் பிபிசியின் தொடருக்குள்ளேயே வந்துவிட்டார், இன்றைக்கு யூனிட்டின் தலைவி அவர்தான். உரிமைச் சண்டையின் சந்து ஒன்றில் பிறந்த குழந்தை பெரிய வீட்டுக்கு வாரிசாகிவிட்டது.

1971-இல் வந்த மாஸ்டரைப் பற்றித் தனியாக எழுதவேண்டும், இங்கே வேகமாகக் கடந்துபோகிறேன். ஹோம்ஸுக்கு ஒரு மோரியார்ட்டி வேண்டும் என்று தயாரிப்பாளர் பாரி லெட்ஸும் ஸ்கிரிப்ட் எடிட்டர் டெர்ரன்ஸ் டிக்ஸும் யோசித்த பாத்திரம் அது. அந்த வருஷத்து ஐந்து கதையிலும் அவரே வில்லன், கொஞ்சம் அதிகம்தான். அதைவிட நம் விஷயத்துக்குப் பக்கத்தில் இருப்பது டாவ்ரோஸ். எழுபதுகளில் நேஷன் மறுபடி டாலெக் கதை எழுத ஆரம்பித்தார். ஒரு தடவை அவர் கொடுத்த கதையைப் பார்த்துவிட்டு, இது ஏற்கனவே எங்களுக்கு விற்ற கதைதானே என்று லெட்ஸும் டிக்ஸும் கிண்டலடித்து, டாலெக்குகள் எப்படிப் பிறந்தன என்று எழுதேன் என்றார்கள். அப்படி வந்தது 1975-இன் ‘ஜெனிசிஸ் ஆஃப் த டாலெக்ஸ்’. அதில் டாலெக்கைப் படைத்த விஞ்ஞானி டாவ்ரோஸ், பாதி மனிதன், பாதி டாலெக். 1963-இல் சொன்ன பிறப்பு வரலாற்றோடு இது ஒத்துப்போகாது, யாரும் கவலைப்படவில்லை. டாலெக்குகளால் நீளமாகப் பேசமுடியாது, அந்தக் குரலில் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் காது தாங்காது. டாவ்ரோஸ் அவற்றுக்காகப் பேசினார். எனக்கு அந்தக் கதையில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். தன் படைப்பு தன் கட்டுப்பாட்டை மீறிப் போய்விட்டதைக் கடைசி நிமிஷத்தில் உணர்ந்து, நிறுத்து என்று டாவ்ரோஸ் கத்துவார். யார் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நேஷன் இப்படியும் எழுதியிருக்கிறார். அவர் மனசில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

கடைசியாக ஒரு நாய். 1977-இல் பாப் பேக்கர், டேவ் மார்ட்டின் இருவரும் கே9 என்ற ரோபோ நாயை ஒரு கதைக்காக எழுதினார்கள். உருவத்தைச் செய்தவர் பிபிசியின் டோனி ஹார்டிங். செய்ய ஆன செலவைப் பார்த்துவிட்டு, ஒரே கதையோடு விடக்கூடாது என்று வைத்துக்கொண்டார்கள், குழந்தைகளுக்கு உயிராகிவிட்டது. இங்கேயும் அதே பங்கீடு. பாத்திரம் எழுத்தாளர்களுடையது, உருவம் பிபிசியுடையது. 2009-இல் பேக்கர் ஆஸ்திரேலியாவில் கே9-ஐ வைத்துத் தனித் தொடர் எடுத்தபோது இந்தக் கோடு வெட்டவெளிச்சமானது. பழைய நாய் முதல் எபிசோடிலேயே வெடித்து, வேறு உருவத்தில் எழுந்து வருகிறது. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு டாக்டர் ஹூவின் பெயரைச் சொல்லவும் வழியில்லை. அதே சமயம் பிபிசி தன் இன்னொரு குழந்தைகள் தொடரில் கே9-ஐ முழுநேரப் பாத்திரமாக வைக்க முடியாமல், ஒரு கருந்துளையை அடைக்கும் வேலைக்கு அதை அனுப்பி வைத்திருந்தது. சட்டச் சிக்கலுக்குக் கருந்துளை என்று பெயர் வைத்தது யாரோ, நல்ல ரசனை.

இப்போது 2004-க்குத் திரும்புகிறேன். பேச்சுவார்த்தை முறிந்திருந்த அந்த வாரங்களில், டாலெக் கதையை எழுதவேண்டிய ராபர்ட் ஷேர்மன், டாலெக் இல்லாமல் அதே கதையை மாற்றி எழுத வேண்டியதானது. டாலெக்குக்குப் பதில் குழந்தைத்தனத்தோடு கொல்லும் ஒரு உருண்டை. ஒப்பந்தம் முடிந்ததும் அந்த உருண்டை ஒதுக்கப்பட்டு, 2007-இல் டாக்லஃபேன் என்ற பெயரில் வேறு கதைக்குப் பயன்பட்டது. திருப்பி அழைக்கப்பட்ட டாலெக்குக்கு ஷேர்மன் ஒரு பழைய கணக்கையும் தீர்த்து வைத்தார். டாலெக்கிடமிருந்து தப்பிக்க மாடிப்படி ஏறினால் போதும் என்பது பிரிட்டனில் நாற்பது வருஷத்து ஜோக். 1988-லேயே ஒரு டாலெக் படியேறிக் காட்டியிருந்தாலும் ஜோக் சாகவில்லை. 2005 ஏப்ரல் 30 அன்று ஒளிபரப்பான எபிசோடில் ஓடித் தப்பிக்கிறவர்கள் படியில் நின்று அதைக் கேலி செய்கிறார்கள், அது நிதானமாக மேலே மிதந்து வருகிறது. அதே கதையில் ரப்பர் கப்பைப் பார்த்துச் சிரித்த ஒருவனை அந்தக் கப்பே கொல்கிறது.

கவச நிறமும் திருகாணிகளும் மாறியிருந்தன. அடி அகலமும், குறுகும் உடலும், அரைக்கோளத் தலையும், ஒரு ஆள் உட்காருகிற அளவும் கியூசிக் போட்ட கோடுதான். அந்த எபிசோடின் இறுதியில் டாலெக்கை உருவாக்கியவர் என்று டெர்ரி நேஷனின் பெயர் ஓடியது. கியூசிக் 2013 பிப்ரவரியில் இறந்தார், 84 வயது. இரங்கல் குறிப்புகள் அநேகமாக எல்லாவற்றிலும் அந்த 100 பவுண்டு இருந்தது.